இரவு ஊசியும் இரவுச் சோறும்

நோயொன்றுக்கு மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டால், அந்நோயை மனிதகுலம் வென்றுவிட்டது என்று எண்ணிக்கொள்வது எமது வழக்கம். ஆனால் மருந்து ஒருபுறம் இருக்க, இன்னாருக்கு இவ்வளவு என்ற கணக்கு மற்றொருபுறம் இருக்கிறது. முன்னதை விஞ்ஞானி தன் ஆய்வுகூடத்தில் கண்டு தந்துவிடுகிறான். பின்னதை ஒவ்வொரு நோயாளியும் தன் வீட்டில், தன் அடுப்பங்கரையில், தன் கூலியின் எல்லைக்குள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. நீரிழிவுக்காரர் நாள்தோறும் ஏற்றிக்கொள்ளும் நீண்டநேர இன்சுலினைப் போல் இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் மருந்து வேறொன்று உண்டென்று எமக்குத் தோன்றவில்லை.

எமது முன்னோர் இந்நோயைச் சலரோகம் என்றார்கள். இன்று யாழ்ப்பாணத்துச் சந்தையிலும் பேருந்திலும் அதற்குச் ‘சீனி வருத்தம்’ என்று பெயர். நாம் கரும்பலகையின் முன் நின்று உழைத்து ஓய்வு பெற்றவர். பதினேழு ஆண்டுகளாக இந்நோயோடு வாழ்கிறோம். பல ஆண்டுகள் மாத்திரையே போதுமாக இருந்தது. பிறகு மாத்திரைகளின் எண்ணிக்கை கூடியது. அதன் பின்னரும் விடியற்காலைச் சீனியின் அளவு இறங்க மறுத்தது. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில், “இனி இரவில் ஓர் ஊசி போடத்தான் வேணும்” என்றார் டொக்டர். ஊசி என்றால் நோயின் இறுதிக்கட்டம் என்ற எண்ணம் எம் மக்களிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. அது தவறான எண்ணம். கணையம் ஆண்டுக்காண்டு களைத்துப்போவது இந்நோயின் இயல்பு. அது சுரக்கத் தவறுவதை வெளியிலிருந்து கொடுப்பதில் வெட்கப்படவோ பயப்படவோ எதுவுமில்லை.

இவ்வூசியின் வேலை யாது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுதல் நன்று. நாம் உண்ணாதிருக்கும் நேரத்திலும், உறங்கும் நேரத்திலும், ஈரல் தன்னிடமுள்ள சீனியைச் சிறிது சிறிதாக இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. மூளைக்கும் இருதயத்துக்கும் இரவிலும் எரிபொருள் வேண்டுமல்லவா? நலமுள்ள உடலில், அச்சீனியை அடக்கியாளக் கணையமும் சிறிது சிறிதாக இன்சுலினைச் சுரந்துகொண்டிருக்கும். அந்த ஓயாத சிறு சுரப்பின் இடத்தைத்தான் நீண்டநேர இன்சுலின் நிரப்புகிறது. எனவே அதன் அளவு சரியா பிழையா என்பதைக் கூறும் சாட்சி, விடியற்காலையில் வெறும் வயிற்றில் எடுக்கப்படும் இரத்தப் பரிசோதனையே. நண்பகலில் இரண்டு கோப்பைச் சோறுண்டு சீனி ஏறியதற்காக இரவு ஊசியைக் கூட்டிக்கொண்டே போவது, தோட்டத்து வரம்பு உடைந்ததற்காக வீட்டுக் கூரையை மேய்வது போன்றது.

எமக்குத் தொடக்கத்தில் கொடுக்கப்பட்ட அளவு 10 யூனிற். உலகெங்கும் மருத்துவர் பொதுவாகத் தொடங்கும் அளவு இதுவே. அல்லது உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 0.1 முதல் 0.2 யூனிற் வரை என்று கணக்கிடுவர். இது ஆபத்தில்லாத தொடக்கப்படி மாத்திரமே. பெரும்பாலானோருக்கு இது போதாது என்பது மருத்துவருக்கும் தெரியும். டொக்டர் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தந்த விதி எளிமையானது: மூன்று நாட்களுக்கொருமுறை விடியற்காலை அளவுகளைப் பார்; அவை 130 மில்லிகிராமுக்கு மேல் நின்றால் 2 யூனிற் கூட்டு; 80க்கும் 130க்கும் இடையில் வந்தால் நிறுத்து; 70க்குக் கீழே ஒருமுறை இறங்கினாலும், வேறு காரணம் தெரியாவிடின், பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை குறை.

ஒரு பாடசாலைக் கொப்பியை எடுத்துக் கோடு போட்டுக்கொண்டோம். முதல் நாள் விடிய 212. பன்னிரண்டு யூனிற்றில் 196. பதினெட்டில் 158. இருபத்திரண்டில் 124. இன்னும் சற்று இறங்கினால் நன்றென்று டொக்டர் கூற, இருபத்துநான்குக்கு ஏறினோம். இரண்டாம் இரவு மூன்று மணிக்கு உடல் நனைய வியர்த்து விழித்தோம், கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. பரிசோதித்தபோது 64. நான்கு தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து மீண்டும் பார்த்தபோது 97. மறுநாள் டொக்டரோடு பேசி 22க்கு இறங்கினோம். அன்றிலிருந்து அதுவே எமது அளவு. அறுபத்துநான்கு கிலோ உடலுக்கு இது கிலோவுக்கு மூன்றிலொரு யூனிற். கிலோவுக்கு அரை யூனிற்றைத் தாண்டியும் காரியம் ஆகாவிடின், இரவு ஊசியைக் கூட்டுவதை நிறுத்திச் சாப்பாட்டுநேரச் சீனியைக் கவனிக்க வேண்டும் என்பது மருத்துவர் கைக்கொள்ளும் எச்சரிக்கை.

பத்தில் தொடங்கி இருபத்திரண்டில் நிலைபெற எமக்கு ஏறத்தாழ ஒரு மாதம் பிடித்தது. கணக்கு எளிது, பொறுமை இருந்தால் எவராலும் இயலும் என்று வாசகர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுமுன், அந்த ஒரு மாதத்துக்கு வேண்டியிருந்தவற்றை எண்ணிப் பாருங்கள். குளுக்கோமீற்றர் ஒன்று, நாள்தோறும் ஒன்றிரண்டு சோதனைப் பட்டிகள், மருந்தைக் காக்கக் குளிர்ப்பெட்டி, குளிர்ப்பெட்டிக்கு மின்சாரம், நேரம் தவறாத சாப்பாடு, எழுத்தறிவு, ஐயம் வந்தால் தொலைபேசியில் பதிலளிக்கும் டொக்டர். எமக்கு ஓய்வூதியம் வருகிறது. கனடாவிலிருக்கும் மகள் பட்டிகளின் செலவை ஏற்றுக்கொண்டிருக்கிறாள். இவை இல்லாதவனின் ‘சரியான அளவு’ எங்கே இருக்கிறது?

இக்கேள்விக்கு விடை தேடி நாம் தொலைதூரம் போகவேண்டியிருக்கவில்லை. எமது ஒழுங்கையின் முடிவில், வெங்காயத் தோட்டங்களில் கூலிவேலை செய்யும் பெண்ணொருவர் வாழ்கிறார். வயது ஐம்பதை அண்மிக்கும். கணவர் இல்லை, சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள் ஒருத்தி இருக்கிறாள். காலில் ஏற்பட்ட புண் பழுத்து, அரசாங்க ஆஸ்பத்திரியொன்றின் வாட்டில் மூன்று வாரம் படுத்திருந்தார். அங்கேதான் அவருக்கு இன்சுலின் தொடங்கப்பட்டது. புண் ஆறியது, கால் தப்பியது. அதற்காக அந்த ஆஸ்பத்திரிக்கும் அதன் தாதியருக்கும் நாம் நன்றி கூறக் கடமைப்பட்டிருக்கிறோம். இரவில் 24 யூனிற் என்று கொப்பியில் எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஒரு மாதத்தின் பின் அவரை வழியில் கண்டபோது, ஊசி போடுவதை நிறுத்திவிட்டதாகக் கூறினார். காரணம் கேட்டோம். “மாஸ்டர், ஊசி குத்த எனக்குப் பயமில்லை. விடியக் கண் முழிப்பனோ எண்டதுதான் பயம்” என்றார். இரவில் மூன்று தடவை மகள் தட்டியெழுப்பியும் அவரால் பேச இயலவில்லை. உடுத்த சேலை வியர்வையில் ஊறிக்கிடந்தது. பிள்ளை தேநீருக்கு வைத்திருந்த பனங்கட்டியை வாயில் திணித்துத் தாயைக் காப்பாற்றியிருக்கிறாள். மூன்றாம் தடவையோடு அந்தத் தாய் மருந்துக் குப்பியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். கிளினிக்கில் அடுத்த முறை பரிசோதித்தபோது சீனி 300ஐத் தாண்டியிருந்தது. “ஒழுங்காய் ஊசி போடுறேல்லைப் போல” என்று கடிந்துகொண்டு, அதே 24ஐ மீண்டும் எழுதியிருந்தார்கள்.

இதில் எவரைக் குறை சொல்வது? ஒரு காலை வேளையில் நூற்றுக்கு மேற்பட்டோரைப் பார்க்கவேண்டிய இளம் டொக்டர், ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று நிமிடங்களே ஒதுக்க முடியும். அந்நிமிடங்களில் அவர் காண்பது கொப்பியிலுள்ள இலக்கத்தை. அவ்விலக்கத்தின் பின்னாலுள்ள இரவை அவர் காண்பதில்லை. ஆனால் அந்த இருபத்துநான்கு ஏன் பொருந்தவில்லை என்பதை விளக்க, பெரும் படிப்பொன்றும் தேவையில்லை. உடலில் சீழ்ப்புண் இருக்கும்போது இன்சுலினின் தேவை கூடும். புண் ஆறியதும் குறையும். வாட்டில் அவர் கட்டிலில் கிடந்தார். மூன்று வேளையும் சாப்பாடு தட்டில் வந்தது. வீட்டுக்கு வந்ததும் விடிய ஆறு மணிக்கே தோட்டத்தில் குனிந்தார். உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சீனியை இழுத்துக்கொள்கிறது. அவ்விழுப்பு வேலை முடிந்த பின்பும் இரவு வரை தொடரக்கூடும். வேலை கிடையாத நாட்களிலோ இரவுச் சாப்பாடு ஒரு கோப்பை பிளேன்ரீயோடு முடிந்துவிடும். வாட்டிலே கட்டிலில் கிடந்த உடலுக்கு அளந்த சட்டையை, தோட்டத்தில் உழைக்கும் உடலுக்கு மாட்டியிருக்கிறார்கள். நாற்பத்தெட்டுக் கிலோ நிறையுள்ள அந்த உடலுக்கு அது கிலோவுக்கு அரை யூனிற்.

இன்னுமொன்று இருந்தது. அவருக்குத் தரப்பட்டது பால்போல் கலங்கியிருக்கும் ஐசோபேன் இன்சுலின். நாம் போடுவது தெளிந்த நிறமுள்ள கிளார்ஜின். இரண்டும் ஒன்றல்ல. கிளார்ஜின் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் ஏற்ற இறக்கம் அதிகமின்றி வேலை செய்கிறது. ஐசோபேனோ போட்ட நான்கு மணியிலிருந்து பத்து மணிவரை உச்சத்தில் நிற்கும்; பின்னர் தணியும். பகலெல்லாம் உழைத்த பெண் இரவு ஏழு மணிக்கே ஊசியைப் போட்டுவிட்டு எட்டு மணிக்கு உறங்கிவிடுவார். மருந்தின் உச்சமோ நடுநிசியை ஒட்டி, உடலின் தேவை மிகக் குறைந்திருக்கும் வேளையில் வந்து சேரும். விடியற்காலையில் ஈரல் சீனியை அதிகமாக விடும்போது மருந்தின் வலு தளர்ந்துவிட்டிருக்கும். குப்பியை உள்ளங்கைகளுக்கிடையில் பத்துத் தடவையாவது மெதுவாக உருட்டிக் கலக்காமல் எடுத்தால், ஒருநாள் எடுத்த 24 மறுநாள் எடுத்த 24 ஆகாது என்பதையும் அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த கிளினிக் நாளில் நாமும் அவரோடு போனோம். மகள் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள்: எந்நாட்களில் வியர்த்தது, அன்று அம்மா என்ன வேலை செய்தார், என்ன சாப்பிட்டார், ஊசி எத்தனை மணிக்கு. டொக்டர் அத்தாளைப் படித்தார். அவருடைய முகம் மாறியது. “இதை முதலே சொல்லியிருந்தால் அளவைக் குறைச்சிருப்பன், அம்மா” என்றார். “நீங்கள் கேக்கேல்லையே, ஐயா” என்று அந்தப் பெண் மிகவும் மரியாதையோடு சொன்னார். டொக்டர் கோபிக்கவில்லை. அளவை 14க்குக் குறைத்தார். ஊசியை இரவு பத்து மணிக்கு மாற்றினார். படுக்குமுன் ஒரு துண்டு பாணாவது சாப்பிடும்படி கூறினார். பத்து மணிவரை விழித்திருந்து படிக்கும் மகள் தாயை எழுப்பி ஊசி போடுவிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள்.

அதன் பின் ஆறு வாரங்கள், மூன்று நாட்களுக்கொருமுறை விடியற்காலையில் அச்சிறுமி எமது வீட்டுக்கு வந்து குளுக்கோமீற்றரை வாங்கிச் சென்றாள். பட்டிகளை எமது பெட்டியிலிருந்து கொடுத்தோம். விரலைக் குத்தும் ஊசிமுனை அவர்களுக்கெனத் தனியாக இருந்தது. டொக்டரின் சொற்படி 14 மெல்ல 16 ஆனது. விடியற்காலை அளவு 140ஐச் சுற்றி நின்றது. எமக்கு 130 என்று விதித்த டொக்டர், அவருக்கு 150 வரை போதும் என்றார். தனியே உழைத்துப் பிள்ளையை வளர்க்கும் ஒருவருக்கு, நூற்றிருபதை எட்டிப்பிடிப்பதிலும் பார்க்க நள்ளிரவில் மயங்காதிருப்பதே முதன்மையானது. இது நியாயமான கணக்கு. சரியான அளவு என்பது புத்தகத்தில் அச்சாகியிருக்கும் ஓரிலக்கமல்ல. மனிதரின் உழைப்பும் உணவும் வயதும் சிறுநீரகத்தின் வலுவும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. அவை மாறும்போது அளவும் மாறவேண்டும்.

இம்மருந்தின் வரலாற்றையும் சற்று நினைவுகூர்வது பொருத்தமாகும். 1921இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் பான்ரிங் என்ற இளம் மருத்துவரும் பெஸ்ற் என்ற மாணவரும், பேராசிரியர் மக்லியோட்டின் ஆய்வுகூடத்தில் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். கொலிப் என்ற இரசாயன அறிஞர் அதைச் சுத்திகரித்தார். 1922 சனவரியில், சாவின் வாயிலில் கிடந்த 14 வயதுச் சிறுவனொருவனுக்கு அது ஏற்றப்பட்டது. அவன் பிழைத்தான். கண்டுபிடித்தவர்கள் தங்கள் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். முதலில் வந்த இன்சுலின் சில மணி நேரமே வேலை செய்தது. நோயாளி நாளுக்குப் பலதடவை ஊசி போடவேண்டியிருந்தது. 1936இல் டென்மார்க்கின் ஹாகடோர்ன், மீனின் விந்திலிருந்து எடுக்கும் புரொட்டமின் என்ற புரதத்தை அதனோடு சேர்த்து அதன் வேகத்தைத் தணித்தார். அவ்வழியிலேயே 1946இல் ஐசோபேன் உருவானது. 2000ஆம் ஆண்டில் கிளார்ஜின் பாவனைக்கு வந்தது. 2021இல், இன்சுலினின் நூற்றாண்டில், உலக சுகாதார நிறுவனம் இத்தகைய நீண்டநேர இன்சுலின்களைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ஒரு டொலருக்கு மனிதகுலத்துக்குக் கையளிக்கப்பட்ட மருந்தின் உலகச் சந்தையில் மிகப்பெரும் பங்கு இன்று மூன்று கொம்பனிகளின் கையில் இருக்கிறது என்பதையும் மறக்கலாகாது.

இந்நாட்டுக்கு இவ்விடயத்தில் நல்ல மரபொன்று உண்டு. மருந்துகளைக் கொம்பனிப் பெயரில் வாங்காமல் அவற்றின் பொதுப்பெயரில், நாடு முழுவதுக்கும் மொத்தமாக வாங்கினால் ஏழைக்கும் எட்டும் என்று பேராசிரியர் சேனக பிபிலே வாதாடினார். டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அவரும் அளித்த அறிக்கையின் வழியில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகியது. பிபிலே அதன் முதல் தலைவரானார். 1977இல் அவர் கயானாவில் காலமானார். வெங்காயத் தோட்டத்துக் கூலிப் பெண்ணின் கையிலும் இன்சுலின் குப்பி இலவசமாக வந்து சேர்கிறதென்றால், இலவச மருத்துவத்துக்காகப் போராடிய அத்தலைமுறையின் உழைப்பு அதில் கலந்திருக்கிறது.

ஆனால் குப்பியோடு எமது பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. 2022இல் நாடு வங்குரோத்தானபோது நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. மருந்துகள் பல கிடைக்காமற் போயின. வடபகுதியில் எம்மவர் 1990களின் போர்க்காலத்திலேயே மின்சாரமற்ற வாழ்வைக் கற்றிருந்தார்கள். ஈரமணல் இட்ட மண்பானையின் குளிர்ச்சி அவர்களுக்குப் புதிதன்று. கெனியாவின் அகதி முகாமொன்றின் வெப்பநிலையை ஆதாரமாகக் கொண்டு ஜெனீவாப் பல்கலைக்கழகமும் எல்லைகளற்ற மருத்துவர் அமைப்பும் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வு, 25க்கும் 37 பாகைக்கும் இடையில் ஏறியிறங்கும் வெப்பத்திலும் இன்சுலின் நான்கு வாரம் வலுவிழக்காதிருப்பதைக் காட்டியது. குளிர்ப்பெட்டி இல்லாதவனுக்கு ஊசி கொடுக்கலாகாது என்ற வாதம் இதனால் அடிபட்டுப் போகிறது.

ஊசிக்குழாயைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை வேண்டும். இங்கே கிடைக்கும் இன்சுலின் மில்லிலீற்றருக்கு 100 யூனிற்; தமிழ்நாட்டில் 40 யூனிற் குப்பிகளும் அதற்கேற்ற ஊசிக்குழாய்களும் பரவலாகப் பாவனையில் உள்ளன. அங்கிருந்து வரும் உறவினர் அன்போடு கொண்டுவரும் 40இன் குழாயால் இங்குள்ள 100இன் மருந்தை எடுத்தால், உடலில் ஏறுவது இரண்டரை மடங்கு. அன்பும் அளவறிந்து செய்யப்பட வேண்டியதே.

எமது பெட்டியிலிருந்து சில பட்டிகளைக் கொடுத்ததை நாம் ஒரு தீர்வாகக் கூறவில்லை. அயலவரின் இரக்கத்தில் ஒரு நோயாளியின் இரவு தங்கியிருத்தல் நாகரிகமான சமுதாயத்துக்கு அழகன்று. கேட்கவேண்டியவை பெரிய காரியங்களுமல்ல. இன்சுலின் தொடங்கப்படும் ஒவ்வொருவருக்கும் முதல் மூன்று மாதத்துக்காவது குளுக்கோமீற்றரும் பட்டிகளும் கிளினிக்கிலிருந்தே இரவலாகவும் இலவசமாகவும் கிடைக்கவேண்டும். மாதத்துக்கொருமுறை மாற்றப்படும் அளவு, சரியான இடத்தை அடைய ஓராண்டு பிடிக்கும். பயிற்சி பெற்ற தாதி ஒருவர் வாரத்துக்கொருமுறை தொலைபேசியில் விசாரித்து மாற்றினால் ஓரிரு மாதத்தில் காரியம் முடியும். வாட்டிலிருந்து வீட்டுக்குப் போகும் நோயாளியிடம் மூன்று கேள்விகள் கட்டாயம் கேட்கப்பட வேண்டும்: என்ன வேலை செய்கிறீர்? இரவில் என்ன சாப்பிடுகிறீர்? இரவில் மயங்கினால் அருகில் யார் இருப்பார்? இக்கேள்விகளுக்கு மருந்தோ யந்திரமோ தேவையில்லை. சற்று நேரமும், எதிரே இருப்பவரை மனிதராக மதிக்கும் மனமும் போதும்.

நோயாளருக்கும் ஒரு கடமை உண்டு. பயந்து ஊசியை நிறுத்திவிடுவதும், தாமாகவே கூட்டிக்கொள்வதும் இரண்டும் ஆபத்தே. வியர்த்த இரவை, பட்டினி கிடந்த நாளை, தோட்டத்தில் முறிந்த உழைப்பை எழுதிவைத்துக் கொப்பியோடு கொண்டுபோய் டொக்டரின் மேசையில் வையுங்கள். எழுதத் தெரியாதவர் பிள்ளைகளைக்கொண்டு எழுதுவியுங்கள். கேளாதவர்களையும் கேட்கவைக்கும் வலிமை அந்தக் கொப்பிக்கு உண்டென்பதை நாம் கண்ணாரக் கண்டோம். அந்தப் பெண் இப்போது தம்மோடு தோட்டத்தில் வேலை செய்யும் மேலும் இருவருக்கு அவ்வாறு கொப்பி போடக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அடுத்த கிளினிக்குக்கு மூவருமாகப் போகிறார்கள்.